செகண்ட்ஹேண்ட் ஃபைனல் டிரைவ் சுடுகிறதா? பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய ஷாஃப்ட் டிரைவ் பைக் வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் செகண்ட்ஹேண்ட் ஃபைனல் டிரைவ் தேடும் நிலை வரும். இருப்பதில் பல் தேய்ந்திருக்கும், பேரிங் போயிருக்கும், அல்லது வேறு ரேஷியோ வேண்டியிருக்கும். தேடிப் பிடித்து, மாட்டி, ஆயில் ஊற்றி, ஒரு நீண்ட சுற்று போய்விட்டு வந்து கை வைத்தால் சுரீர் என்கிறது. பழைய டிரைவ் இவ்வளவு சுட்டதாக நினைவில்லை. உடனே மனது "பேரிங் போச்சு, பிரிச்சுடணும்" என்று முடிவு கட்டிவிடும்.

அந்த அவசரம் வேண்டாம். ஃபைனல் டிரைவைப் பிரித்தால் ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய எஃகு வளையம்) கணக்கு, ஹவுசிங்கைச் சூடாக்கும் வேலை, புது சீல், அளவுக் கருவிகள் என்று வேலை நீண்டுகொண்டே போகும். ஆனால் சூடு எந்த இடத்தில் பிறக்கிறது என்பதைப் பிரிக்காமலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள், ஸ்பேனரைப் பிறகு எடுக்கலாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வேலையைப் பற்றித்தான்.

உள்ளே என்ன இருக்கிறது

பெரும்பாலான பைக்குகளில் பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோவது செயின். ஷாஃப்ட் டிரைவ் பைக்கில் அந்த வேலையை, பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங்ஆர்முக்குள் ஓடும் ஒரு தண்டு செய்கிறது. தண்டு பைக்கின் நீளவாக்கில் படுத்துச் சுற்றுகிறது, சக்கரமோ குறுக்கு அச்சில் சுற்ற வேண்டும். இந்தத் திருப்பத்தைக் கொடுப்பதுதான் ஃபைனல் டிரைவ், சக்கரத்தின் பக்கத்தில் உருண்டையாகத் தெரியும் அலுமினிய ஹவுசிங். அதற்குள் இரண்டு கியர்கள்: தண்டின் முனையில் சிறிய பினியன், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பெரிய கிரவுன் வீல். பினியனில் 11 பல், கிரவுன் வீலில் 32 பல் என்றால், பினியன் 2.91 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இந்தப் பல் எண்ணிக்கையைப் பல ஹவுசிங்குகளில் வெளியிலேயே பொறித்திருப்பார்கள்.

பிஎம்டபிள்யூ 1923-ல் தன் முதல் பைக்கான ஆர்32-லேயே ஷாஃப்ட் டிரைவ் வைத்தது. 1960-களில் மோட்டோ குஸ்ஸி வி7, 1975-ல் ஹோண்டா கோல்ட்விங், 1978-ல் ஹோண்டா சிஎக்ஸ்500, 1979-ல் சுசுகி ஜிஎஸ்850 என்று அந்தப் பட்டியல் நீண்டது. வடிவம் மாடலுக்கு மாடல் மாறும். சூடாகும் காரணங்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சூடு வருவது இயல்பு, எவ்வளவு என்பதுதான் கேள்வி

சாய்ந்த பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருளும்போதே சறுக்கவும் செய்கின்றன. சறுக்கலில் உராய்வு, உராய்வில் வெப்பம். நல்ல நிலையில் இருக்கும் ஒரு ஜோடி, தனக்குள் வரும் சக்தியில் தோராயமாக 2 முதல் 4 சதவீதத்தை இப்படி வெப்பமாக்கிவிடும். பழைய டூரிங் பைக் ஒன்று மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நிதானமாக ஓட சுமார் 10 கிலோவாட் சக்தி தேவை என்று வைத்துக்கொள்வோம். அதில் 3 சதவீதம் 300 வாட். அதாவது பழைய 100 வாட் குண்டு பல்பு மூன்றை அந்தச் சின்ன ஹவுசிங்குக்குள் மணிக்கணக்கில் எரியவிட்டதற்குச் சமம். இதை வெளியேற்ற அதற்கு இருப்பது எதிர்க்காற்று மட்டும்தான். எனவே ஒரு மணி நேரம் ஓடிய ஃபைனல் டிரைவ் சுடவில்லை என்றால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிப்பெருக்கத்தில் ஏறும். 80-ல் ஓட்டியபோது தொட முடிந்த டிரைவ் 110-ல் தொட முடியாமல் போவது இயற்கை. ஆகவே "நேற்று சுடவில்லை, இன்று சுடுகிறது" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே வேகம், ஒரே தூரம், ஏறக்குறைய ஒரே வெயில் என்று இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

கையால் தொட்டுப் பார்ப்பதும் பெரிதாக உதவாது. 50 டிகிரி செல்சியஸில் சில நொடிகள் தாக்குப்பிடிக்கலாம். 60 டிகிரியில் கை தானாக விலகிவிடும். 60-க்கும் 110-க்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியாது, இரண்டும் "கொதிக்குது"தான். ஆனால் டிரைவைப் பொறுத்தவரை 60 இயல்பு, 110 ஆபத்து.

சரியாக அளப்பது எப்படி

துப்பாக்கி மாதிரி பிடித்து அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று போதும். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பளபளக்கும் அலுமினியம் தன் வெப்பத்தைக் கதிர்களாக வெளியிடுவதில் மிகவும் கஞ்சம். கருவியோ எல்லாப் பரப்பும் மங்கலான கறுப்புப் பரப்பு போலக் கதிர்வீசும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. அதனால் பெயின்ட் இல்லாத அலுமினிய ஹவுசிங்கை நேராகக் குறிவைத்தால், உண்மையைவிட மிகக் குறைவான எண்ணைக் காட்டும். 90 டிகிரியில் இருப்பதை 45 என்று காட்டி உங்களை நிம்மதியாகத் தூங்க வைத்துவிடும்.

இதற்குத் தீர்வு எளிது. அளக்க வேண்டிய இடங்களில் விரல் நகம் அளவுக்கு மங்கலான கறுப்பு டேப் ஒட்டுங்கள், அல்லது வெப்பம் தாங்கும் மேட் கறுப்பு பெயின்ட்டால் ஒரு புள்ளி வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஒட்டினால்தான் டேப் நிற்கும். கருவியை அருகில், ஒரு சாண் தூரத்துக்குள் பிடித்து, அந்தப் புள்ளியை மட்டும் அளக்க வேண்டும்.

நான்கு இடங்கள் போதும். ஒன்று, தண்டு வந்து சேரும் முனை, அதாவது பினியன் பேரிங் உட்கார்ந்திருக்கும் கழுத்துப் பகுதி. இரண்டு, கிரவுன் வீலின் பெரிய பேரிங் இருக்கும் பக்கம். மூன்று, பிரேக் டிரம் அல்லது டிஸ்க்கின் அருகே சக்கரத்தின் ஹப். நான்காவதாக கியர்பாக்ஸ். கியர்பாக்ஸ் எதற்கு என்று கேட்கலாம். அதற்குள்ளும் கியர்களும் பேரிங்குகளும் ஆயிலில்தான் சுற்றுகின்றன. அதனால் அன்றைய வெயிலுக்கும் வேகத்துக்கும் அது ஒரு நல்ல ஒப்பீடு. எஞ்சின் சூடும் அதில் கொஞ்சம் ஏறியிருக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே சாலையில் ஒரே வேகத்தில் 30 கி.மீ. போல ஓட்டுங்கள். பின் பிரேக்கை முடிந்தவரை தொடாமல், கடைசியில் மெல்ல உருட்டி நிறுத்துங்கள். நின்றவுடன் நான்கு இடத்தையும் அளந்து, காற்றின் வெப்பத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றைவிட 30, 40 டிகிரி கூடுதலாக இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். 60 டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தால் காரணத்தைத் தேட ஆரம்பிப்பேன். ஹவுசிங்கின் வெளிப்பரப்பே 100 டிகிரியைத் தொட்டால் அந்த டிரைவை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. சாதாரண நைட்ரைல் ரப்பர் ஆயில் சீல் தொடர்ந்து தாங்கும் எல்லை ஏறக்குறைய அந்த அளவுதான். உள்ளே பல் முகத்தில் வெப்பம் அதைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

முதல் சந்தேகம் பிரேக் மேல்

டிரைவ் சுடுகிறது என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது பின் பிரேக்கைப் பற்றித்தான். பல பழைய ஷாஃப்ட் டிரைவ் மாடல்களில், பிஎம்டபிள்யூவின் டிரம் பிரேக் மாடல்களையும் சேர்த்து, பிரேக் ஷூ உட்கார்ந்திருப்பதே ஃபைனல் டிரைவ் ஹவுசிங்கின் மேல்தான். ஷூ லேசாக உரசிக்கொண்டே இருந்தால் அந்தச் சூடு முழுவதும் நேராக ஹவுசிங்குக்குள் இறங்கும். கை வைத்தவருக்கு டிரைவ்தான் சுடும், பிரேக் மேல் சந்தேகமே வராது.

செகண்ட்ஹேண்ட் டிரைவ் மாட்டும்போது இது நடக்க இன்னும் வாய்ப்பு அதிகம். வாங்கிய டிரைவோடு வேறு ஷூ வந்திருக்கும், அல்லது "கழற்றினது கழற்றினோம்" என்று புது ஷூ போட்டிருப்பீர்கள். புது லைனிங் தடிமன், உங்கள் பழைய டிரம்முக்கு அது இன்னும் பழகவில்லை. பிரேக் கேம் தண்டு பல வருடம் கிரீஸ் பார்க்காமல் இறுகியிருக்கும். மிதித்தால் போகும், விட்டால் முழுதாகத் திரும்பாது. ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

பைக்கை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஷாஃப்ட் டிரைவில் சக்கரம் சைக்கிள் சக்கரம் போலப் பறந்து சுற்றாது. ஆயிலின் கனமும் சீலின் பிடியும் உண்டு. ஆனால் அந்தப் பிடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் "ஷ்ஷ்" என்று உரசினால் டிரம் வட்டமாக இல்லை என்று பொருள். இதே சோதனையை ஓட்டி முடித்த சூட்டிலும் ஒருமுறை செய்யுங்கள். குளிரில் லேசாகச் சுற்றியது சூட்டில் இறுகினால் அது முக்கியமான துப்பு. டிஸ்க் பிரேக் என்றால் காலிப்பர் பிஸ்டன் துருவில் சிக்கியிருக்கலாம், மாஸ்டர் சிலிண்டரின் சிறிய திரும்பு துளை அடைத்திருக்கலாம். பிரேக் ஆயிலை வெளியேவிடும் பிளீடர் திருகைத் திறந்தவுடன் சக்கரம் தளர்ந்தால், அழுத்தம் உள்ளே தேங்கி நின்றிருக்கிறது என்பது உறுதி.

பிரேக் அட்ஜஸ்டரைச் சில சுற்று தளர்த்திவிட்டு, மிதித்தால் பிரேக் இன்னும் பிடிக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, அதே 30 கி.மீ. ஓட்டத்தைத் திரும்பச் செய்யுங்கள். ஹப்பின் வெப்பமும் டிரைவின் வெப்பமும் சேர்ந்து இறங்கினால் பிரச்சினை முடிந்தது. அட்ஜஸ்டரைச் சரியான இடைவெளியில் வைத்து, கேமுக்குக் கிரீஸ் போட்டால் போதும். ஹப் குளிர்ந்தும் டிரைவ் மட்டும் கொதித்தால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

போகிற போக்கில் ஒன்று. இரு பக்கமும் ஸ்விங்ஆர்ம் உள்ள மாடல்களில் சக்கரத்துக்கென்று தனி பேரிங் உண்டு. வேறு வருட மாடலின் டிரைவைப் போட்டிருந்தால், அச்சில் வரும் ஸ்பேசரின் தடிமன் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஸ்பேசர் விடுபட்டாலோ மாறினாலோ அச்சை இறுக்கும்போது சக்கர பேரிங்கும் சேர்ந்து இறுகும், அந்தச் சூடும் டிரைவின் கணக்கில்தான் வந்து விழும்.

ஆயில்: குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு

ஃபைனல் டிரைவ் குடிக்கும் ஆயில் மிகக் கொஞ்சம். மாடலைப் பொறுத்துப் பெரும்பாலும் 150 முதல் 350 மி.லி. வரைதான். இவ்வளவு சிறிய அளவில் 50 மி.லி. வித்தியாசமே பெரிய வித்தியாசம்.

குறைந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினால் வரும் கெடுதல்தான் பலருக்குத் தெரியாது. கிரவுன் வீலின் அடிப்பகுதி மட்டும் ஆயிலில் நனைந்து, சுற்றும்போது அதை மேலே வாரி இறைக்க வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. ஆயில் மட்டம் ஏறினால் கியர் பாதி உடம்போடு அதைக் கடைந்துகொண்டே இருக்கும். கடைவதற்கும் சக்தி செலவு, அந்தச் சக்தியும் வெப்பமாகத்தான் போகும். கடைந்த ஆயில் நுரைக்கும். நுரையில் பாதி காற்று, அது பல்லுக்கும் பல்லுக்கும் இடையே நிற்காது. இப்படி அதிகம் ஊற்றியவரின் டிரைவும் கடைசியில் ஆயில் பற்றாமல்தான் தவிக்கிறது.

அதிகமாவது எப்படி? பழைய ஆயில் முழுதாக வடியும் முன் கையேட்டில் சொன்ன முழு அளவையும் ஊற்றுவது ஒரு வழி. சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்து மட்டம் பார்ப்பது இன்னொரு வழி. மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. பழைய பிஎம்டபிள்யூ மாடல்கள் சிலவற்றில் ஸ்விங்ஆர்முக்குள் ஓடும் தண்டுக்கும் தனியாக ஆயில் உண்டு. அதற்கும் டிரைவுக்கும் நடுவே காவல் நிற்பது பினியன் சீல் மட்டும்தான். வருடக்கணக்கில் பரணில் கிடந்த செகண்ட்ஹேண்ட் டிரைவில் அந்தச் சீலின் ரப்பர் காய்ந்து விறைத்திருக்கும். ஒரு பக்கத்து ஆயில் மறுபக்கம் நகர ஆரம்பிக்கும். நீங்கள் சரியாக அளந்து ஊற்றியிருந்தும், சில நூறு கி.மீ. கழித்துப் பார்த்தால் தண்டுப் பக்கம் குறைந்து, டிரைவில் மட்டம் ஏறியிருக்கும். இரண்டு மட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

மட்டம் பார்க்கும்போது பைக் சென்டர் ஸ்டாண்டில் நிமிர்ந்து, சமதரையில் நிற்க வேண்டும். பல மாடல்களில் ஊற்றும் துளையின் அடி விளிம்புதான் சரியான மட்டம். எல்லா மாடலிலும் அப்படி இல்லை என்பதால் உங்கள் மாடலின் கையேடு சொல்வதே இறுதி.

எந்த ஆயில்? பழைய டிரைவ்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது ஜிஎல்-5 தர ஹைபாய்டு கியர் ஆயில், 80டபிள்யூ-90 அல்லது அதை ஒட்டிய கனம். ஜிஎல்-5-ல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதிகம். பற்கள் கடும் அழுத்தத்தில் சறுக்கும்போது உலோகத்தின் மேல் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கி, இரும்பும் இரும்பும் ஒட்டிக் கிழிபடாமல் காப்பது இவைதான். எஞ்சின் ஆயிலில் அந்தப் பாதுகாப்பு போதாது. "கெட்டியாக இருந்தால் நல்லது" என்று 140 கனத்தில் ஊற்றினால் கடைசல்தான் கூடும், சூடும் கூடும்.

இனி வடித்த ஆயிலைப் பாருங்கள். இதற்கு நேரம் கொடுங்கள், ஏனென்றால் டிரைவின் உள்நிலையைப் பிரிக்காமல் காட்டும் நல்ல சாளரம் இதுதான். ஓட்டி முடித்த சூட்டோடு சுத்தமான வெள்ளைத் தட்டில் வடியுங்கள். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் ஏற்கெனவே பலமுறை மிதமிஞ்சிச் சூடாகியிருக்கிறது. கந்தக வாடை மட்டும் என்றால் பயப்பட வேண்டாம், புது ஜிஎல்-5-க்கே அந்த நாற்றம் உண்டு.

டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலில் எடுத்துத் தேயுங்கள். மைபோல வழுவழுப்பான சாம்பல் நிறக் குழைவு இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் துகள், வெட்டிய நகம் போன்ற மெல்லிய செதில், ஊசி போன்ற சில்லு எல்லாம் பேரிங் ஓடுபாதையோ பல் முகமோ உரிந்துகொண்டிருக்கிறது என்று சொல்பவை. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுமினுப்பு தட்டில் தெரிந்தால் அது பேரிங் கூண்டின் பித்தளையாக இருக்கலாம். செதிலோ மஞ்சளோ கண்ணில் பட்டால் மேற்கொண்டு சோதனை ஓட்டம் வேண்டாம், டிரைவைப் பிரிக்க வேண்டியதுதான்.

ஹவுசிங்கின் மேல் இருக்கும் பிரீதர் துளையையும் மறக்காதீர்கள். டிரைவ் சூடானால் உள்ளே காற்று விரியும், அது வெளியேற இருக்கும் வழி அந்தச் சிறு துளை. சேறோ பெயின்ட்டோ அடைத்திருந்தால் அழுத்தம் ஏறி, சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் போய்ச் சேரும் இடம் பின் பிரேக் ஷூ. வாங்கிய டிரைவுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ரேஷியோ மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்

உங்கள் பைக்கில் இருந்தது 37/11, வாங்கி மாட்டியது 32/11 என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து இயங்கும் மாடல் என்றால், முள் 100 காட்டும்போது நீங்கள் உண்மையில் 115-க்கும் மேல் போகிறீர்கள். 37-ஐ 32-ஆல் வகுத்தால் 1.156. காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி மும்மடியில் ஏறுவதால், அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. டிரைவுக்குள் பிறக்கும் வெப்பமும் அதோடு சேர்ந்து ஏறும். எந்தப் பழுதும் இல்லாமல், "அதே 100-ல்தான் போனேன், ஆனால் சூடு கூடிவிட்டது" என்று குழம்ப வைக்கும் விஷயம் இது. ஹவுசிங்கில் பொறித்த எண்ணைப் படியுங்கள். ஃபோனின் ஜிபிஎஸ் வேகத்தோடு முள்ளை ஒப்பிட்டாலும் தெரிந்துவிடும். ரேஷியோ மாறியிருந்தால் ஸ்பீடோமீட்டரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

பேரிங்கும் ஷிம்மும்

பிரேக் சரி, ஆயில் சரி, வேகமும் சரி, இருந்தும் ஒரே இடத்தில் சூடு குவிகிறது என்றால் பேரிங் பக்கம் பார்வையைத் திருப்பலாம். பினியன் கழுத்தில் மட்டும் வெப்பம் தூக்கலாக இருந்தால் பினியன் பேரிங், சக்கரப் பக்கம் தூக்கலாக இருந்தால் கிரவுன் வீலின் பெரிய பேரிங் என்று தொடங்கலாம்.

கிரவுன் வீல் பக்கவாட்டில் ஆடாமல் நிற்க, பேரிங்குகளை லேசான இறுக்கத்தில் வைத்துத்தான் மூடியை மாட்டுவார்கள். இந்த இறுக்கத்துக்கு ப்ரீலோட் என்று பெயர். எவ்வளவு இறுக்கம் என்பதைத் தீர்மானிப்பது ஷிம் என்னும் மெல்லிய எஃகு வளையங்கள். அவற்றின் தடிமனில் 0.05 மி.மீ. மாறினாலே டிரைவின் குணம் மாறிவிடும்.

இது ஏன் இவ்வளவு நுட்பம்? ஹவுசிங் அலுமினியம், கியரும் பேரிங்கும் எஃகு. ஒரே அளவு சூடேறினால் அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பேரிங்குகளுக்கு நடுவே 80 மி.மீ. தூரம் இருந்து, வெப்பம் 60 டிகிரி ஏறினால், ஹவுசிங் எஃகைவிட சுமார் 0.05 மி.மீ. அதிகமாக நீளும். அதனால் எல்லாம் சமமாகச் சூடான பிறகு ப்ரீலோட் தானாகக் கொஞ்சம் தளரும். இதைக் கணக்கில் வைத்துத்தான் குளிர்நிலையில் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் அளவு கொடுக்கிறார். ஆனால் ஓட ஆரம்பித்த முதல் நிமிடங்களில் நிலைமை வேறு. சூடு பிறப்பது உள்ளே, எதிர்க்காற்று குளிர்விப்பது வெளியே. உள்ளே எஃகு விரிந்துவிட, ஹவுசிங் இன்னும் குளிராகவே நிற்கும். அந்த நேரத்தில் ப்ரீலோட் கூடும். சரியான ஷிம் இருந்தால் இது தெரியாமல் கடந்துபோகும். ஏற்கெனவே இறுக்கமாக ஷிம் வைத்திருந்தால், இறுக்கத்தால் சூடு, சூட்டால் மேலும் இறுக்கம் என்று ஒன்றையொன்று வளர்க்கும்.

செகண்ட்ஹேண்ட் டிரைவில் எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இந்த இடம்தான். முன்பு யாராவது அதைத் திறந்து புது பேரிங் போட்டு, பழைய ஷிம்மையே திருப்பி வைத்திருந்தால் வெளியிலிருந்து அடையாளமே தெரியாது. பேரிங்குக்குப் பேரிங் அகலத்தில் மிகச் சிறிய வேறுபாடு உண்டு. மூடியை மாற்றியிருந்தால் வேறுபாடு இன்னும் கூடும். ஆகவே மாட்டுவதற்கு முன்பே, டிரைவ் மேசை மேல் இருக்கும்போது பினியனைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சீலின் பிடியோடு வழுக்கிக்கொண்டு சுற்றினால் நல்லது. படிப்படியாகத் தட்டுப்பட்டுச் சுற்றினால் பேரிங் ஓடுபாதையில் குழி விழுந்திருக்கிறது. நீண்டகாலம் ஆயில் இல்லாமல் கிடந்த டிரைவ்களில், உருளைகள் ஓய்ந்து நின்ற இடத்தில் ஈரம் தேங்கித் துரு அரித்துவிடும். இறைக்க ஆயில் இல்லாத மேல்பாதிதான் முதலில் பாதிக்கப்படும். சுற்றவே கை வலிக்கும் அளவுக்கு இறுக்கம் என்றால் ஷிம் மேல் சந்தேகப்படுங்கள்.

பல் பொருத்தமும் இதோடு சேர்ந்தது. பினியனுக்கும் கிரவுன் வீலுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிலான ஆட்டம் இருக்க வேண்டும், அதுதான் பேக்லாஷ். அது அறவே இல்லாவிட்டால் பல்லின் இரு முகமும் ஒரே நேரத்தில் உரசும், ஆயில் படலத்துக்கு இடமில்லை. அப்போது சூட்டோடு சேர்ந்து ஊளைச் சத்தமும் வரும். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டுமோ விடும்போது மட்டுமோ ஊளை மாறி மாறி வந்தால், பல்லின் தொடுபரப்பு ஓரத்துக்கு ஒதுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டு கியரும் தொழிற்சாலையில் ஜோடியாகத் தேய்த்து, ஜோடி எண் பொறித்து அனுப்பப்படுபவை. ஒரு டிரைவின் பினியனை இன்னொன்றின் கிரவுன் வீலோடு சேர்ப்பது வேலைக்கு ஆகாது. இந்த வேலையைப் பேக்லாஷ் அளக்கும் டயல் கேஜும், தொடுபரப்பு காட்டும் வண்ணக் குழைவும், ஷிம் கையிருப்பும் உள்ள ஒருவரிடம் கொடுப்பதே நல்லது. செலவாகும்தான். ஆனால் தவறாக ஷிம் வைத்த டிரைவ் ஒரு நல்ல ஜோடியைச் சீக்கிரமே தின்றுவிடும், அந்த ஜோடி இன்னொரு முறை கிடைப்பது அரிது.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்

சூட்டோடு சேர்ந்து கீழே சொல்பவற்றில் ஒன்று தெரிந்தாலும் பைக்கை ஓட்டாதீர்கள்: ஹவுசிங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீறி ஆவியாவது, சக்கரப் பக்கத்து சீலிலிருந்து ஆயில் ஒழுகுவது, கரகரவென்ற சத்தம், டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம். கடைசியாகச் சொன்னதில் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு பக்க ஸ்விங்ஆர்ம் மாடல்களில் பின்சக்கரம் நேராக டிரைவின் விளிம்பில்தான் போல்ட் ஆகியிருக்கிறது. அங்கே சக்கரத்தின் எடையைச் சுமப்பதே டிரைவின் பேரிங்தான். எனவே அங்கே டயரில் தெரியும் ஆட்டம் அந்த பேரிங்கின் ஆட்டம். இரு பக்க ஸ்விங்ஆர்மில் அது தனி சக்கர பேரிங்கின் வேலையாகவும் இருக்கலாம். எதுவானாலும் உடைந்த பேரிங்கின் துண்டு பல்லுக்கிடையே மாட்டினால் பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். வழியில் நின்றுவிட்டால் தண்ணீரை ஊற்றிக் குளிர்விக்கப் பார்க்காதீர்கள். தானாக ஆறட்டும். ஆறிய பிறகும் ஆட்டமோ சத்தமோ இருந்தால் வண்டியை ஏற்றிக்கொண்டு போவதுதான் வழி.

புது சீல், புது பேரிங் போட்ட பிறகு

புதிதாக சீலும் பேரிங்கும் மாற்றிய டிரைவ் முதல் சில நூறு கி.மீ. கொஞ்சம் கூடுதலாகவே சுடும். புது சீலின் உதடு தண்டை இறுக்கிப் பிடிப்பதும், பேரிங் பரப்புகள் ஒன்றோடொன்று படிய நேரம் எடுப்பதும் காரணம். இதைப் பழுது என்று நினைத்து மறுபடி பிரிக்க வேண்டாம். எண்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் மெல்ல இறங்குகிறதா என்பதை மட்டும் பாருங்கள். இறங்கினால் படிகிறது. அப்படியே நின்றாலோ ஏறினாலோ ஷிம்மை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் 500 கி.மீ. முடிந்ததும் ஆயிலை வடித்து, தட்டையும் பிளக்கையும் முன்பு சொன்னபடி பாருங்கள். இந்த முறை சாம்பல் குழைவு வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். செதில் இல்லாவிட்டால் புது ஆயில் ஊற்றி, பிளக்குக்குப் புது வாஷர் போட்டு இறுக்கி, அதே சாலையில் அதே வேகத்தில் இன்னொரு முறை அளந்து குறித்து வையுங்கள். இனி அந்த டிரைவில் எப்போது சந்தேகம் வந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய எண் அதுதான்.